சாம்பல் நிறத்தில் ஒரு மழைமானி

ஸுலைஹா தட்டச்சு செய்த கடிதத்தில் பிழை இருந்தால், அந்தப் பிழை எழுதிக் கொடுத்தவருடையது. கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் மாடியில் இருந்த அந்தச் சின்ன மழைப் பதிவு அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஒரு முறை பணிப்பாளர் பெப்ரவரி முப்பதாம் திகதி கூட்டம் என்று எழுதிக் கொடுத்தார். அவள் அப்படியே தட்டினாள், கடிதம் பதினெட்டு இடங்களுக்குப் போனது. அவர் கூப்பிட்டு ஏசியபோது அவருடைய கையெழுத்துத் தாளை மேசையில் வைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு அம்பிகைபாகன் அவளை "ஈயடிச்சான் கொப்பி" என்று கேலி செய்யத் தொடங்கினார். அந்த அலுவலகத்தின் ஒரே தமிழ் உத்தியோகத்தர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்து நான்கு வயது, கணினிப் பகுதிக்குப் பொறுப்பு. அவள் கோபித்ததில்லை. ஈயை அடித்துத் தாளில் ஒட்டியவன்தான் குற்றவாளி, பார்த்து எழுதியவன் என்ன செய்வான் என்பது அவள் கட்சி.

இந்தக் கட்சி சும்மா வந்ததல்ல. மடவளையில் துணி வியாபாரியின் மகளாகப் பிறந்து, டவுனில் தட்டச்சு படித்து, இருபது வயதில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியிடம் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்தக் கந்தோரை எரித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவளுடைய தட்டச்சு இயந்திரம் வீதியில் கவிழ்ந்து கிடந்தது, நாடா முழுக்க வெளியே இழுபட்டிருந்தது. ஒன்று நடந்தால் ஒன்பதைச் சேர்த்துச் சொன்ன வாய்களால்தான் ஊர் எரிந்தது என்று அவளுக்கு அன்றைக்குப் பட்டது. அதிலிருந்து மற்றவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. மனிதர்கள் எத்தனையோ விதமாகப் பயந்து போனார்கள், அவள் இப்படிப் பயந்து போனாள்.

அலுவலகத்தின் வேலை எளிமையானது, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது. கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இருபத்து மூன்று மழைமானிகள் இருந்தன. ஒவ்வொன்றும் கால்மணி நேரத்துக்கு ஒரு தடவை தொலைபேசி வழியாகத் தன் கணக்கைச் சொல்லும். அளவு மீறிப் பெய்தால் இயந்திர அறையில் மணி அடிக்கும். உடனே அந்த மலையடியில் இருப்பவர்களுக்கு ஆள் பேசிச் சொல்ல வேண்டும், மண் சரிவதற்குள் அவர்கள் வெளியேற வேண்டும். அவ்வளவுதான்.

எந்த மழைமானி எங்கே இருக்கிறது, அதன் தொலைபேசி இலக்கம் என்ன, எத்தனை மில்லிமீற்றரில் மணி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. இயந்திரம் வாசித்து நடக்கும் அமைப்புக் கோப்பு. அதன் மொழியை அம்பிகைபாகன்தான் தொண்ணூற்றொன்பதில் தன் பாட்டில் உண்டாக்கினார். ஒவ்வொரு மழைமானிக்கும் ஒரே ஒரு நீண்ட வரி, ஒவ்வொரு மலைத் தொடருக்கும் ஒரு சோடி வளைந்த அடைப்புக்குறி. வரிக்கு முன்னால் # என்ற குறியைப் போட்டால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், அந்த மழைமானி தூங்கும். வரியின் கடைசியில் அதே குறியைப் போட்டால், அதற்குப் பின்னால் ஆட்கள் வாசிப்பதற்கு ஒரு குறிப்பு எழுதலாம். ஸுலைஹா அடைப்புக்குறிக்கு "மீசை" என்றும் # குறிக்கு "ஜன்னல் கம்பி" என்றும் பெயர் வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம் பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது, புலிகள் வைத்தது என்றார்கள். ஒரு வாரத்தில் அலுவலகத்துக்கு ஓர் உத்தரவு. அம்பிகைபாகன் இயந்திர அறைக்குள் கால் வைக்கக் கூடாது. காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. ஒன்பது வருஷம் தான் கட்டி வளர்த்த அறையின் வாசலில் காலையில் வந்து நின்றவரை, காவலாளி கையை நீட்டி மறித்தான். மறுநாள் அறைக்கு வெளியே, நடைபாதையில், அவருக்கு ஒரு கதிரை போட்டார்கள். சம்பளம் நிற்கவில்லை, வேலைதான் நின்றது.

உள்ளே யார் கோப்பைப் பார்ப்பது? தட்டத் தெரிந்தவள் ஸுலைஹா ஒருத்திதான். அவளை உள்ளே போட்டார்கள். கோப்பு அறையை விட்டு வெளியே வரக் கூடாது, வெளியிலிருந்து சீடித் தட்டோ பென்ட்ரைவோ உள்ளே போகக் கூடாது. ஆனால் வாய் பேசுவதையும் கடதாசி போவதையும் உத்தரவு தடுக்கவில்லை, எழுதியவருக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது. ஆகவே அவள் சந்தேகம் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து கேட்பாள், அவர் கதிரையிலிருந்தே ஞாபகத்தில் பதில் சொல்வார். பகலில் அவள் கொண்டுவந்த இடியப்பத்தில் பாதி நடைபாதைக்குப் போகும். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி இரண்டு வருஷம், மனிதர் கடைச் சோற்றில் காய்ந்து போயிருந்தார்.

ஒக்டோபரில் அது நடந்தது. புசல்லாவை மழைமானியின் தொலைபேசி இலக்கத்தை மாற்றப் போன ஸுலைஹா, தெரியாமல் ஒரு மீசையை அழித்துவிட்டாள். அதற்குக் கீழே இருந்த ஒன்பது மழைமானிகளும் மூன்று மணி நேரம் ஊமையாகிவிட்டன. நல்ல காலம், அன்றைக்கு வெயில். ஆனாலும் அவள் கதவடியில் நின்று அழுதாள்.

"எனக்கி இது வேணாம் சேர். எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து. எது உசிரோட ஈக்கிது, எது இல்ல, ஒண்டும் வெளங்கல்ல. என்ட கையால ஆள் செத்தா நான் அல்லாஹ்வுக்கு என்னத்த செல்ற?"

அம்பிகைபாகன் எழுந்து கதவடிக்கு வந்தார். பிறகு, "பிழை உங்களிலை இல்லை, ஸுலைஹா. நான் செய்த மொழி எனக்கு மட்டும் விளங்கிற மாதிரிச் செய்துபோட்டன். நான் எப்பவும் உள்ளுக்கை இருப்பன் எண்டு நினைச்சன்," என்றார்.

அந்த இயந்திரத்தில் இருந்த எடிட்டர், அதாவது கோப்புகளைத் திருத்தும் செயலி, பேர் போன கணினி மொழிகளையெல்லாம் நிறம் பூசிக் காட்டக்கூடியது. இந்த மொழி அதற்குத் தெரியாது, அதனால்தான் எல்லாம் கறுப்பு. விதிகளை எழுதிக் கொடுத்தால் இதையும் கற்றுக்கொள்ளும். அம்பிகைபாகன் ஒரு மாதம் மினக்கெட்டு அந்த விதிகளை எழுதினார். விழித்திருக்கும் மழைமானி பச்சை. அளவுகள் சிவப்பு. தூங்கும் மழைமானியின் வரி முழுவதும் சாம்பல். மூடாத மீசை இருந்தால் அந்த இடம் மஞ்சளில் பளிச்சென்று தெரியும். ஊரில் ஒருவருக்கும் தேவைப்படாத, ஒரே ஒரு பெண் பயப்படாமல் இருப்பதற்காகச் செய்த வேலை அது. மொத்தம் நூற்று நாற்பது வரி, நான்கு தாள், பேனாவால் எழுதியது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தாள்களை அவளிடம் கொடுத்தார். மூன்று நாளாக மழை. பணிப்பாளர் கொழும்பில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஸுலைஹா ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, ஓர் எழுத்தும் விளங்காத அந்த நான்கு தாளையும் தன் வழக்கப்படி உள்ளதை உள்ளபடி தட்டினாள். பன்னிரண்டரைக்கு முடித்து, எடிட்டரை மூடி, கோப்பைத் திறந்தாள்.

திரை முழுக்கச் சாம்பல். இருபத்து மூன்று வரியும் சாம்பல்.

சாம்பல் என்றால் தூக்கம் என்று அவர் பத்துத் தடவை சொல்லியிருந்தார். வெளியே மழை ஊற்றுகிறது, இங்கே எல்லா மழைமானியையும் அவள் கொன்று போட்டுவிட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"சேர், எல்லாம் சாம்பலாகிட்டு! ஒண்டும் மிச்சமில்ல!"

அம்பிகைபாகன் பதறி எழுந்து வாசல்வரை வந்தவர், அங்கேயே நின்றார். ஒரு கால் தூக்கினபடி இருந்தது. அதை மெல்ல வெளிப்பக்கமே ஊன்றினார்.

"கோப்பிலை ஏதும் மாத்தினீங்களே?"

"இல்ல சேர், தொறந்து பாத்த மட்டுந்தான்."

"அப்ப அழாதேங்கோ. கோப்பு அப்பிடியேதான் கிடக்கு. மழைமானியள் வேலை செய்யுது. எடிட்டர் பூசின சாயம்தான் பிழை. முகத்திலை மாப் பூசினாப்போலை ஆள் மாறிறதே? போய் இருந்து, நான் தந்த தாளை விட்டிட்டு, நீங்கள் அடிச்சதை எனக்கு வாசியுங்கோ."

அவள் போய் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாக, குறி குறியாக வாசித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். தூங்கும் வரிக்கான விதி வந்தது.

"கூரை, புள்ளி, நட்சத்திரம், ஜன்னல் கம்பி..."

"நில்லுங்கோ. புள்ளி எங்கையிருந்து வந்தது?"

"தாள்ல ஈக்கிது சேர்."

"நான் அதிலை புள்ளி வைக்கேல்லை. அது வெறும் இடைவெளி. தாளைக் கொண்டுவாங்கோ."

அவள் தாளைக் கொண்டுவந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை மூக்கடியில் வைத்துப் பார்த்தார். இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறமாக ஒரு பொட்டு. பிறகு மனிதர் சிரிக்கத் தொடங்கினார். ஆறு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"இது என்ரை பிளேன்ரீ, ஸுலைஹா. தேத்தண்ணியையும் சேர்த்து அடிச்சிருக்கிறீங்கள்!"

விஷயம் இதுதான். கூரை (^) என்றால் வரியின் தொடக்கம், நட்சத்திரம் (*) என்றால் முன்னால் உள்ளது எத்தனை தடவை வந்தாலும் சரி. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி விட்டிருந்தாலும், அடுத்து ஜன்னல் கம்பி வந்தால் சாம்பல் பூசு என்பது அவர் எழுதிய விதி. அந்த விதிகளின் மொழியில் புள்ளி என்றால் எந்த எழுத்தாக இருந்தாலும் சரி என்று பொருள். இடைவெளி புள்ளியானதும், வரியில் எங்கேயாவது ஜன்னல் கம்பி இருந்தால் போதும், சாம்பல் என்றாகிவிட்டது. எல்லா வரியின் வாலிலும்தான் குறிப்புக்காக ஒரு கம்பி இருந்ததே! ஸுலைஹாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போய் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு இடைவெளி விட்டாள், மறுபடி கோப்பைத் திறந்தாள்.

திரை பச்சையும் சிவப்புமாகச் சிரித்தது. இத்தனை நாள் அவளைப் பயமுறுத்திய கோப்பு இவ்வளவு எளிதானதா என்று இருந்தது. எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைக்கும் தெரியும். மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து வந்தாள். பதினேழாவது வரியில் அவள் விரல் நின்றது.

"சேர்," என்று கூப்பிட்டாள். "ஒண்டு மட்டும் இன்னமும் சாம்பல்."

"எது?"

"ஹுன்னஸ்கிரிய மேல்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசியிலை குறிப்பு என்ன எழுதியிருக்கு?"

அவள் உள்ளதை உள்ளபடி வாசித்தாள். "பற்றரி மாற்றுவதற்காக நிறுத்தியது. நாளை முன்குறியை எடுக்கவும். அ.பா., ஜூன் பன்னிரண்டு."

ஜூன் பதின்மூன்றாம் திகதிதான் காவலாளி கையை நீட்டி மறித்தது. அன்றைக்கு அந்த மனிதருக்கு எது ஞாபகம் இருந்திருக்கும்? ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஜூனிலிருந்து ஒக்டோபர் வரை காய்ந்த காற்றும் வெயிலும்தான், அங்கே மழை என்பது வருஷக் கடைசியில். ஆகையால் அந்த மலை பேசாமல் இருந்ததை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கறுப்பு எழுத்துக் கூட்டத்தில் ஒரு கம்பி கூடுதலாக நின்றதை அவளும் காணவில்லை. இப்போது அங்கே மூன்று நாளாக மழை. அந்தச் சரிவின் அடியில் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்று, தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் காம்பிரா அறைகளின் வரிசை, இருந்தது.

கோப்பில் ஒரு மாற்றம் செய்வதென்றால் பணிப்பாளரின் கையெழுத்து வேண்டும். கொழும்புக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தாள், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்.

"என்ன செய்ய சேர்?"

"நான் சொல்லக் கூடாது, ஸுலைஹா. நான் சொல்லி நீங்கள் செய்தால் நாளைக்கு உங்களையும்..."

ஸுலைஹா பிஸ்மி சொல்லி அந்தக் கம்பியை அழித்தாள். வரி பச்சையானது.

மழைமானி பேசுவதற்குக் கால்மணி நேரம் பிடித்தது. அந்தக் கால்மணி நேரமும் இரண்டு பேரும், அவள் உள்ளே, அவர் வெளியே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. காலையிலிருந்து நூற்று அறுபத்து மூன்று மில்லிமீற்றர். நூறிலேயே அடித்திருக்க வேண்டும்.

அந்த லயத்தில் அலுவலகத்துக்காக மழைமானியைப் பார்த்துக்கொள்பவர் ராஜலிங்கம், ஜூனில் அதன் பற்றரியை மாற்றியவரும் அவர்தான். ஸுலைஹா அவருக்கு எடுத்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னாள். "நாங்களும் வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம் மிஸ், நீங்க ஒண்ணும் சொல்லலியே, பயமில்லைன்னு நெனச்சோம்," என்றார் அவர். அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது.

நான்கு மணிக்கு ராஜலிங்கம் திரும்ப எடுத்தார். ஸுலைஹா ரிசீவரைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கயிறு எட்டுகிற மட்டும் நீட்டினாள்.

"மலை வந்துருச்சு மிஸ். கடைசி நாலு காம்பிரா இல்ல, மண்ணுக்குள்ள போயிருச்சு. ஆளுங்க எல்லாம் இங்க இருக்கோம். நாப்பத்தோரு பேரு, ரெண்டு தடவ எண்ணிட்டேன். சுப்பம்மா மட்டும் கோழியப் பிடிக்கத் திரும்பி ஓடப் பாத்துச்சு, நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். இப்ப என்னைய ஏசிக்கிட்டு இருக்கு."

அம்பிகைபாகன் கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஸுலைஹாவும் அழுதாள். நாற்பத்தொரு பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு மேல் அந்த நேரம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

வரப்போகும் ஆபத்து மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பணிப்பாளர் மத்தியானம் வந்துவிடுவார், வந்ததும் கோப்பைப் பார்ப்பார். பார்க்கிறவர் கண்ணில் முதலில் படப்போவது அந்தக் குறிப்புத்தான். உத்தரவு வருவதற்கு முதல் நாள் ஒரு தமிழ் உத்தியோகத்தர் ஒரு மழைமானியை ஊமையாக்கியிருக்கிறார், மலை சரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அந்தக் குறிப்ப அழிச்சிடட்டா சேர்?" என்று ஸுலைஹா கேட்டாள். கேட்டது தான்தானா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

"வேண்டாம். நடந்தது நடந்ததுதான். நாப்பத்தொரு பேரின்ரை உயிரோடை விளையாடின பிழை அது, என்ரை பேரிலை இருக்கட்டும்." அவர் ஒரு தாளை நீட்டினார். பணிப்பாளருக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை, ஒரு பக்கம். நிறுத்தியது நான், மறந்தது நான், இதில் ஸுலைஹாவுக்குச் சம்பந்தமில்லை, பொறுப்பு முழுவதும் என்னுடையது. "இதைக் கொஞ்சம் அடிச்சுத் தாங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

ஸுலைஹா தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு பக்க அறிக்கை அவளுக்கு ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே அவர் இரண்டு தரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அவள் அடிப்பாள், நிறுத்துவாள், உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாள், மறுபடி அடிப்பாள்.

அம்பிகைபாகன் அச்சடித்த தாளை வாங்கி, பேனாவைத் திறந்தபடி வாசித்தார். அவர் எழுதியது ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், இரண்டு வசனம் கூடுதலாக இருந்தது.

"இவரை மறுநாள் அறைக்குள் விட்டிருந்தால் மறுநாளே எடுத்திருப்பார். ஆறு மாதம் வெளியே உட்கார்ந்திருந்து, உள்ளே இருந்த எனக்குக் கண் தந்து, அந்தப் பிழையைக் காண வைத்தவரும் இவரே."

"இது நான் எழுதேல்லையே, ஸுலைஹா."

"இல்ல சேர். அது நான் எழுதினது."

"உங்களுக்கும் பிரச்சினை வரும். உங்களுக்கு விளங்குதே?"

"வெளங்குது சேர். வரட்டும்," என்றாள் ஸுலைஹா. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் வைத்து, அந்த இரண்டு வசனத்துக்கும் கீழே தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள்.